கல்லில் கட்டிய கண்ணாடி மாளிகை: ஓர் ஆங்கிலக் கல்வீடு எப்படி நிற்கிறது?

இங்கிலாந்தின் பழைய கல்மாளிகைகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் காணொளி எடுப்பவர்களும் பெரும்பாலும் கோட்டை, அரண்மனை, பிரம்மாண்டம் என்ற மூன்று சொற்களிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். கூடவே இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துசேரும். கல் வலிமையானது, ஆகவே கல்வீடு எதையும் தாங்கும் என்பது ஒன்று. அந்தக் காலத்தில் சுவர் தடிமன், ஆகவே ஜன்னல் சிறிதாகத்தான் வைத்திருப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மைகள். மீதிப் பாதியில்தான் இந்த வீடுகளின் கட்டடக்கலை முழுவதும் இருக்கிறது.

இந்த இரண்டு கருத்துகளையும் ஒருசேரக் குழப்பிவிடும் கட்டடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் ஒரு குன்றின்மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹால். 1590-இல் தொடங்கி 1597-இல் குடிபுகும் நிலைக்கு வந்த மணற்கல் மாளிகை அது. கட்டுவித்தவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். வரலாற்றில் 'ஹார்ட்விக்கின் பெஸ்' என்று அறியப்படுபவர். சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, நான்கு முறை மணந்து, நான்கு கணவர்களையும் இழந்து, ஒவ்வொரு மணத்திலும் செல்வத்தைப் பெருக்கிக்கொண்டு, முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராக உயர்ந்தவர். வடிவமைப்பு ராபர்ட் ஸ்மித்சன் என்ற தலைமைக் கல்தச்சருடையது என்று வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். லாங்லீட், வாலட்டன் ஆகிய மாளிகைகளில் ஏற்கெனவே வேலை செய்தவர் அவர்.

இந்த வீட்டின் முகப்பில் முதலில் கண்ணில் படுவது கல்லே அல்ல, கண்ணாடி. 'ஹார்ட்விக் ஹாலில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடையே இருக்கிறது. கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் இல்லாத காலத்தில், கல்லை மட்டும் நம்பி, இத்தனை பெரிய ஜன்னல்களை எப்படித் திறந்தார்கள்? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால், இங்கிலாந்தில் எந்தக் கல்வீட்டைப் பார்த்தாலும் அது நிற்கும் விதம் பாதியாவது புரிந்துவிடும்.

சாக்பீஸ் சொல்லும் பாடம்

ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனைகளையும் விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். எளிதில் உடையாது. அதே சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து லேசாக வளையுங்கள். சட்டென்று இரண்டாகும்.

கல்லின் குணமும் இதுதான். மேலிருந்து அழுத்தும் சுமையை அது மலைபோலத் தாங்கும். இதற்கு அமுக்கவிசை என்று பெயர். பிய்த்து இழுக்கும் சுமையை, அதாவது இழுவிசையை, அதனால் தாங்க முடியாது. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்றவை அமுக்கத்தில் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் இழுவையில் தாங்கும்.

வளைப்பதற்கும் இழுப்பதற்கும் என்ன தொடர்பு? ஒரு கல்பலகையை இரண்டு தாங்கிகளின்மேல் படுக்கவைத்து நடுவில் பாரம் ஏற்றினால், அது கண்ணுக்குத் தெரியாத அளவு கீழ்நோக்கி வளைகிறது. அப்போது பலகையின் மேல்புறம் நெருக்கப்படுகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. விரிசல் எப்போதும் அடிப்புறத்தில் தொடங்குவது இதனால்தான். இன்றைய கான்கிரீட் உத்தரத்தில் முக்கியக் கம்பிகளை அடிப்பகுதியில் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். இழுவிசையை இரும்பு வாங்கிக்கொள்கிறது. 1590-இல் அந்த வசதி கிடையாது.

லிண்டலின் எல்லை

சுவரில் கதவுக்கோ ஜன்னலுக்கோ ஒரு திறப்பு விட்டால், அதற்கு மேலே இருக்கும் சுவரைத் தாங்க ஒரு குறுக்குக் கல் வேண்டும். அதுதான் லிண்டல். கல்வீட்டின் பலவீனமான இடம் எது என்று கேட்டால், இதைத்தான் காட்டவேண்டும். மற்ற கற்கள் எல்லாம் நெருக்கப்பட்டுக்கொண்டு சுகமாக இருக்கின்றன. லிண்டல் மட்டுமே வளைக்கப்படுகிறது.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். லிண்டலின் நீளம் முழுவதும் ஒரே சீராகப் பாரம் இருக்கிறது என்று வையுங்கள். ஜன்னலின் அகலத்தை இரு மடங்காக்கினால், கல்லை வளைக்கும் விசை இரு மடங்கோடு நிற்பதில்லை, நான்கு மடங்காகிறது. அகலத்தை மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. அகலமான திறப்புக்கு ஒற்றைக் கல்லை நம்ப முடியாமல் போனது இதனால்தான்.

இதற்குத் தேவாலயங்கள் கண்ட வழி வளைவு, அதாவது ஆர்ச். வளைவில் அடுக்கிய ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துகிறது. இழுவை என்ற பேச்சே இல்லை. ஆனால் வளைவு தன் கால்களைப் பக்கவாட்டில் உதைக்கும். அதைத் தடுக்க வெளியே முட்டுச்சுவர்கள் வேண்டும். தவிர, எலிசபெத் காலத்துப் பணக்காரர்களின் மனம் கூர்வளைவுகளிலிருந்து விலகி, நேர்கோடும் செங்கோணமும் உள்ள ஜன்னல்களில் லயித்திருந்தது. வளைவு இல்லாமல், அகலமான, சதுரமான ஜன்னல் வேண்டும். அதற்கும் ஒரு வழி இருந்தது.

ஜன்னலுக்குள் ஒரு கற்சட்டம்

ஹார்ட்விக்கின் ஒரு ஜன்னலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அது ஒரே ஜன்னல் இல்லை என்பது தெரியும். கல்லால் ஆன ஒல்லியான செங்குத்துக் கால்கள் அதைப் பல பத்திகளாகப் பிரிக்கின்றன. இந்தக் காலுக்கு மல்லியன் என்று பெயர். குறுக்கே ஓடும் கற்கள் அதே ஜன்னலைப் பல வரிசைகளாகவும் பிரிக்கின்றன. இந்தக் குறுக்குக் கல்லின் பெயர் டிரான்சம்.

பலர் இவற்றை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அலங்காரமாகவும் தெரிகின்றன, மறுக்கவில்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் ஜன்னலே இல்லை. ஒவ்வொரு மல்லியனும் மேலே உள்ள லிண்டலுக்கு இடையில் ஒரு தாங்கியாக நிற்கிறது. அகலமான ஒரு திறப்பு, ஒரு ஆள் தோள் அகலத்துக்கு உட்பட்ட பல சிறு திறப்புகளாகிவிடுகிறது. லிண்டல் கல் ஒவ்வொன்றும் தாண்டவேண்டிய தூரம் குறைகிறது. மேலே சொன்ன கணக்கின்படி, தூரம் மூன்றில் ஒன்றானால் வளைக்கும் விசை ஒன்பதில் ஒன்றாகிறது. மல்லியனோ நேராக நின்றுகொண்டு நெருக்கப்படுகிறது. முனைகளில் அழுத்திய சாக்பீஸ்போல.

ஆனால் ஒல்லியான கால் மிக உயரமாக இருந்தால் அதற்கும் ஆபத்து உண்டு. நடுவில் ஒரு பக்கமாக நெளிந்து முறிந்துவிடலாம். டிரான்சம் இங்கே உதவிக்கு வருகிறது. பக்கத்துப் பக்கத்து மல்லியன்களை அது இடையிடையே பிணைத்துவைப்பதால், உயரமான ஒரு கால், குட்டையான பல கால்களாக நடந்துகொள்கிறது.

கண்ணாடிக்கும் இந்தச் சட்டம் தேவைப்பட்டது. அன்று பெரிய கண்ணாடித் தகடு செய்யத் தெரியாது. ஊதிச் செய்த கண்ணாடியிலிருந்து சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஈயப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்துத்தான் பலகை செய்தார்கள். ஈயம் மென்மையான உலோகம். பெரிய ஈயப் பலகை காற்றடித்தால் உள்வாங்கிவிடும். மல்லியன்களுக்கும் டிரான்சங்களுக்கும் இடைப்பட்ட சிறு கட்டத்துக்குள், இரும்புக் குச்சிகளில் கட்டிவைத்தால்தான் அது நிற்கும். ஆக, கல்லின் குறையும் கண்ணாடியின் குறையும் ஒரே கட்டத்தில் தீர்ந்தன.

கண்ணாடி என்றவுடன் ஒரு கட்டுக்கதை நினைவுக்கு வருகிறது. பழைய கண்ணாடியின் அடிப்பாகம் சற்றுத் தடிமனாக இருப்பதைக் காட்டி, நூற்றாண்டுக் கணக்கில் கண்ணாடி மெல்ல வழிந்து கீழே இறங்கிவிட்டது என்பார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஊதிச் செய்த கண்ணாடி தொடக்கத்திலிருந்தே சீரற்ற தடிமன் உடையது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். கல் அழுத்துவதைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது. ஜன்னலின் மேலுள்ள லிண்டல் வளைக்கப்படும் கல். அதன் நீளத்தைக் குறைக்கவே மல்லியன்கள். மல்லியன்களை நெளியாமல் பிடித்துவைக்கவே டிரான்சங்கள்.

அப்படியானால் வீட்டின் பாரம் எங்கே போகிறது?

ஜன்னலின் கற்சட்டம் தன் பாரத்தையும் தனக்கு நேர் மேலே இருப்பதையும் தாங்கிக்கொள்ளும். மூன்று மாடிகளின் தரைகள், மேற்கூரை, அதன்மேல் வேய்ந்த ஈயத் தகடுகள், இவற்றை எல்லாம் அதன் தலையில் ஏற்ற முடியாது. இன்றைய கான்கிரீட் கட்டடத்தில் பில்லர்களும் பீம்களும் பாரத்தைச் சுமக்கின்றன. சுவர் வெறும் தடுப்பு. எந்தச் சுவரை இடித்தாலும் பெரும்பாலும் வீடு நிற்கும். கல்வீட்டில் பில்லர் கிடையாது. சுவரே பில்லர். இப்படிப்பட்ட சுவரைப் பாரம் தாங்கும் சுவர் என்கிறோம். அதில் திறப்பு விடுவது என்பது பில்லரில் ஓட்டை போடுவதற்குச் சமம்.

சாதாரண ஆங்கிலக் கல்வீட்டில் வெளிச்சுவர்தான் முக்கியச் சுமைதாங்கி. அறையைச் சூடாக்க நெருப்பு மூட்டும் கணப்புகளும் பெரும்பாலும் வெளிச்சுவரிலேயே இருக்கும். அவற்றின் புகைவழிகள் அதே சுவருக்குள் மேலே ஏறும். புகைவழி என்பது கணப்பின் புகை கூரைக்கு மேலே போவதற்காகச் சுவருக்குள் விட்ட குழல். சுமையும் வெளிச்சுவரில், கணப்பும் வெளிச்சுவரில் என்றால், ஜன்னலுக்கு மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். 'அந்தக் காலத்தில் ஜன்னல் சிறிது' என்ற எண்ணம் உருவானது இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்துத்தான்.

ஹார்ட்விக்கில் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார்கள். வீட்டின் உள்ளே, நீளவாக்கில் செல்லும் தடித்த உட்சுவர்களைக் கட்டி, கணப்புகளையும் புகைபோக்கிகளையும் அவற்றுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். எளிமைக்காக இதை நடுச்சுவர் என்று வைத்துக்கொள்வோம். தளங்களின் மர உத்தரங்கள் ஒரு முனையில் நடுச்சுவரிலும் மறுமுனையில் வெளிச்சுவரிலும் அமர்கின்றன. கல்லைப்போல் மரத்துக்கு வளைக்கும் விசையைக் கண்டு பயம் இல்லை. அதன் நார்கள் இழுவிசையைத் தாங்கும். எனவே தளத்தின் பாரத்தில் கணிசமான பங்கு உள்ளேயே இறங்கிவிடுகிறது. கணப்புகளும் உள்ளே போய்விட்டதால் வெளிச்சுவருக்குப் பெரும் விடுதலை.

மேல்தளத்தில் வீட்டின் பின்புறம் முழுக்க ஓடும் நீண்ட கேலரி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். மழைநாளில் உலாவவும், படங்களைத் தொங்கவிட்டு விருந்தினருக்குக் காட்டவும் கட்டிய கூடம். அதில் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். இரண்டு பெரிய கணப்புகளும் அவற்றுக்கு எதிரே, உட்சுவரில். வீட்டின் மொத்த உத்தியும் அந்த ஒரே கூடத்தில் விரிந்து கிடக்கிறது: ஒரு புறம் வெளிச்சம், மறு புறம் வேலை.

வெளிச்சுவர் பாரமே தாங்குவதில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஜன்னல்களுக்கு இடைப்பட்ட கல்பகுதிகள் உத்தரங்களின் மறுமுனையைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இத்தனை திறப்புகள் விட்ட நீண்ட சுவருக்கு வேறொரு கவலை உண்டு. பாரத்தால் நொறுங்குவதைவிட, பக்கவாட்டில் சாய்ந்துவிடுமோ என்பதுதான் அது. நேராக ஓடும் உயரமான சுவர் சாய எளிது. மூலை திரும்பும் சுவர் சாய்வது கடினம். ஒரு பக்கம் சாயப் பார்த்தால் குறுக்கே திரும்பிய பகுதி தடுத்து நிறுத்தும்.

இந்த இடத்தில்தான் ஆறு கோபுரங்களைக் கவனிக்கவேண்டும். ஹார்ட்விக்கின் தரைப்படம் ஒரு நீள்சதுரம். முன்னும் பின்னும் இரண்டிரண்டு, பக்கத்துக்கு ஒன்று என ஆறு சதுரக் கோபுரங்கள் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உச்சியில் கல்லில் குடைந்த 'ஈ. எஸ்.' என்ற எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரியின் முதலெழுத்துகள், சீமாட்டிக்குரிய மகுடத்தோடு வானத்தில் தெரியும். தன் பெயரைக் கூரைமேல் நிறுத்திய பெண்மணி என்று எல்லோரும் அதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கோபுரங்கள் செய்யும் வேலையைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஒவ்வொரு கோபுரமும் சுவரை நாலு முறை மூலை திரும்பவைக்கிறது. திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் சுவர் விறைப்பாகிறது. தற்பெருமைக்குக் கட்டியதும் உறுதிக்குக் கட்டியதும் இங்கே ஒன்றாகவே நிற்கின்றன. எது முதலில் வந்தது என்று பிரிக்க முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து.

மீண்டும் சுருக்கமாக: கல்வீட்டில் சுவரே சுமைதாங்கி. ஹார்ட்விக் அந்தச் சுமையில் கணிசமான பங்கையும் கணப்புகளையும் உட்சுவர்களுக்கு மாற்றியது. கோபுரங்கள் வெளிச்சுவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டன. மிஞ்சிய இடமெல்லாம் ஜன்னலுக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் புகழ் வாங்கித் தந்தது கண்ணாடி; அதற்காக உழைப்பது யார் கண்ணுக்கும் படாத நடுச்சுவர்.

மேலே போகப் போக உயரும் ஜன்னல்கள்

ஹார்ட்விக்கின் படத்தைப் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள். தரைத்தள ஜன்னல்களைவிட முதல் தள ஜன்னல்கள் உயரம். அவற்றைவிட இரண்டாம் தள ஜன்னல்கள் இன்னும் உயரம். முக்கியமான தளம் கீழே இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

காரணம் சமூகம் சார்ந்தது. கீழ்த்தளத்தில் சமையலறை முதலிய பணியிடங்கள். நடுத்தளத்தில் பெஸ் அன்றாடம் புழங்கிய அறைகள். உச்சித்தளத்தில் அரச மரியாதைக்குரிய விருந்தினரை வரவேற்கும் கூடங்கள். வந்தவர் பெரிய கல்படிக்கட்டில் மெதுவாக ஏறி, வீட்டையெல்லாம் கடந்து, கடைசியில் மிக உயரமான, மிக வெளிச்சமான அறைக்குள் நுழையவேண்டும். அதுதான் நாடகம்.

ஆனால் இந்த நாடகத்துக்குக் கல்லும் ஒத்துழைத்தது. கல்சுவரில் மிகுந்த அழுத்தம் அடித்தளத்தில்தான் இருக்கும். மேலே போகப் போகச் சுமை குறையும். ஆகவே அதிகம் திறக்க ஏற்ற இடம் உச்சி. இதே வீட்டைத் தலைகீழாக, கீழே பெரிய ஜன்னல்களும் மேலே சிறியவையுமாகக் கட்டியிருந்தால் கொத்தனார்களுக்குத் தலைவலி பல மடங்காகியிருக்கும்.

இன்னொரு புதுமையும் இந்த வீட்டில் உண்டு. இடைக்கால ஆங்கில வீட்டின் இதயம் 'ஹால்' என்ற பெருங்கூடம். ஷ்ராப்ஷயரின் ஸ்டோக்சே, கென்ட்டின் பென்ஸ்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் அதை இன்றும் காணலாம்: தரை நடுவில் திறந்த அடுப்பு, புகை கூரை வழியே வெளியேற்றம், குடும்பமும் வேலையாட்களும் ஒரே கூரையின்கீழ் உணவு. அந்தக் கூடம் முகப்புக்கு இணையாக நீளும். வாசல் அதன் ஒரு கோடியில் இருக்கும். அதனால் முகப்பின் இரு பாதிகளும் ஒத்துப்போகாது. ஹார்ட்விக்கில் அந்தக் கூடத்தைத் திருப்பி, வாசலுக்கு நேரே, வீட்டை ஊடுருவிச் செல்லும்படி வைத்தார்கள். இங்கிலாந்தில் இப்படிச் செய்த முதல் சில வீடுகளில் இதுவும் ஒன்று. இடமும் வலமும் ஒன்றுபோல் தோன்றும் முகப்பு அதனால்தான் கிடைத்தது.

பொய் ஜன்னல்களும் ஜன்னல் வரியும்

இடமும் வலமும் ஒத்த முகப்புக்கு ஒரு விலை இருந்தது. உள்ளே அறைகள் அப்படி ஒத்திருப்பதில்லை. ஓரிடத்தில் புகைபோக்கி குறுக்கே வரும். இன்னோரிடத்தில் உட்சுவர் வந்து முட்டும். வெளியே ஜன்னல் இருந்தே ஆகவேண்டும். எனவே ஹார்ட்விக்கின் சில ஜன்னல்களுக்குப் பின்னால் அறையே இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கல்தான்.

பழைய ஆங்கில வீடுகளில் அடைபட்ட ஜன்னலைக் கண்டால் 'ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது' என்று சொல்லிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வரி உண்மையானதுதான். 1696-இல் வந்து 1851 வரை நீடித்தது. அதற்காக அடைத்த ஜன்னல்களும் ஏராளம். ஆனால் ஹார்ட்விக் அந்த வரிக்கு நூறாண்டு மூத்தது. அதன் பொய் ஜன்னல்கள் முகப்பின் ஒழுங்குக்காக வைத்தவை. ஒரு வீட்டில் அடைத்த ஜன்னலைக் கண்டால் முதலில் பார்க்கவேண்டியது, அது முகப்பின் ஒழுங்கில் சரியாகப் பொருந்தி நிற்கிறதா என்பதைத்தான்.

எந்த ஊர்க் கல்?

கல்லைத் தரைவழியே இழுத்துச் செல்வது அன்று பெரும் செலவு. ஆகவே பெரும்பாலான கல்வீடுகள் பக்கத்துக் குவாரியின் நிறத்தையே அணிந்திருக்கின்றன. காட்ஸ்வோல்ட் பகுதியில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், கார்ன்வாலில் சாம்பல்நிறக் கிரானைட், டெர்பிஷயரிலும் யார்க்ஷயரிலும் பழுப்புநிற மணற்கல். கடல்வழி கிடைத்தால் கதை வேறு. போர்ட்லேண்ட் தீவின் வெண்கல் கப்பலேறி லண்டனுக்குப் போனது அப்படித்தான்.

பெஸ்ஸுக்கு இந்தக் கவலை குறைவு. கல் அவருடைய குன்றிலேயே கிடைத்தது. மரம், ஈயம், இரும்பு எல்லாம் அவருடைய நிலங்களிலிருந்தே வந்தன. கண்ணாடிக்குச் சொந்தமாகவே ஒரு கண்ணாடிப் பட்டறை இருந்தது. சுவரைவிடக் கண்ணாடியை அதிகம் வைக்க அவரால் முடிந்ததற்கு இதுவும் காரணம். கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் எஞ்சியிருப்பதால், ஜான் ரோட்ஸ், கிறிஸ்டபர் ரோட்ஸ் என்ற சகோதரர்கள் கல்வேலையில் பெரும்பங்கு செய்தார்கள் என்பதுகூட நமக்குத் தெரியும்.

சுவரின் வயிற்றுக்குள்

வெளியிலிருந்து பார்த்தால் கல்சுவர் ஒரே திண்மமாகத் தெரியும். பெரும்பாலும் அது அப்படி இல்லை. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், இரண்டுக்கும் நடுவில் சில்லுக்கற்களும் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு நிரப்பிய வயிறு. இரண்டு முகங்களும் தனித்தனியே பிரிந்துவிடாமல் இருக்க, இடையிடையே சுவரின் தடிமன் முழுக்கக் குறுக்கே ஓடும் நீண்ட கற்களை வைப்பார்கள். இவை பிணைப்புக்கற்கள். பிணைப்புக்கல் குறைந்த சுவரில், காலப்போக்கில் வெளிமுகம் மட்டும் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கலாம்.

நாலு பக்கமும் சீராகச் செதுக்கி, மெல்லிய இணைப்போடு அடுக்கிய கல்லுக்கு ஆஷ்லர் என்று பெயர். இது விலை கூடியது. எனவே எளிய வீடுகளில் மூலைகளுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் மட்டும் செதுக்கிய கல்லை வைத்து, மற்ற இடத்தில் கரடுமுரடான கல்லை அடுக்கினார்கள். எந்தக் கல்லுக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதைப் பார்த்தாலே உரிமையாளரின் பணப்பை தெரிந்துவிடும்.

கல்லை எந்தப் பக்கமாக வைப்பது என்பதிலும் நுட்பம் உண்டு. மணற்கல் என்பது ஆற்றடியிலோ கடலடியிலோ மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. அது பூமியில் படுத்திருந்த அதே கிடையில் சுவரிலும் படுக்கவைக்கவேண்டும். அப்போது மேலுள்ள பாரம் அடுக்குகளை ஒன்றோடொன்று அழுத்திவைக்கும். அடுக்குகள் செங்குத்தாக, முகப்பைப் பார்த்தபடி வைத்துவிட்டால், மழையும் உறைபனியும் சேர்ந்து ஒவ்வொரு அடுக்காக உரித்தெடுக்கும். பழைய சுவரில் ஒரு கல் மட்டும் தகடு தகடாக உதிர்ந்து, பக்கத்துக் கற்கள் நன்றாக இருந்தால், அந்த ஒரு கல்லைத் தவறான கிடையில் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இனி சாந்து. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுப்போகும். நீற்றிய சுண்ணாம்பில் மணல் கலந்தால் சாந்து. சுவரில் வைத்தபிறகு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல மீண்டும் உறிஞ்சி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அது மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகிறது.

இந்தச் சாந்து கல்லைவிட மென்மையானது. அது குறையாகத் தோன்றலாம். உண்மையில் அதுதான் அதன் வேலை. நிலம் லேசாக அசைந்தால் விரிசல் சாந்தில் விழும், கல் தப்பிக்கும். மழைநீர் சுவருக்குள் ஓரளவு ஊறும். எந்தக் கல்சுவரும் அதை முழுவதும் தடுப்பதில்லை. மழை விட்டதும் அந்த ஈரம் நுண்துளைகள் நிறைந்த சாந்து இணைப்புகள் வழியே வெளியே ஆவியாகிவிடும். தடித்த சுவரின் உட்புறம் காய்ந்திருப்பது, நீர் நுழையாததால் அல்ல. உட்புறத்தை எட்டும் முன்பே அது திரும்பிவிடுவதால்.

சிமெண்ட் செய்த கெடுதல்

போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அது எல்லோர் கைக்கும் எட்டியபோது, பழைய கல்வீடுகளில் தேய்ந்த சுண்ணாம்பு இணைப்புகளைச் சுரண்டிவிட்டு சிமெண்டால் பாயிண்டிங் செய்யும் பழக்கம் பரவியது. உறுதியானது, நீர் புகாதது, வேறென்ன வேண்டும் என்ற எண்ணம்தான்.

விளைவு நேர்மாறானது. இணைப்பு வழியே வெளியேறிய ஈரத்துக்கு வழி அடைபட்டது. இனி அது கல்லின் வழியாகத்தான் போகவேண்டும். போகும்போது தன்னிலுள்ள உப்பைக் கல்லின் மேற்பரப்பில் படியவிட்டுப் போகிறது. குளிர்காலத்தில் கல்லுக்குள்ளேயே உறைகிறது. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். கல்லின் முகம் உதிர்கிறது. சில பத்தாண்டுகளில் கல் உள்வாங்கி, சிமெண்ட் இணைப்பு மட்டும் வரம்புபோல் துருத்திக்கொண்டு நிற்கும் சுவர்களை இங்கிலாந்து முழுக்கக் காணலாம். தேய்வதற்கென்றே வைத்த சாந்தைத் தேயாததாக மாற்றியதால், தேயக்கூடாத கல் தேய்ந்துபோனது. இன்று பழைய கட்டடப் பாதுகாப்பாளர்கள் சுண்ணாம்புச் சாந்துக்கே திரும்பியிருக்கிறார்கள்.

சுவரைப் பற்றிய சுருக்கம்: இரண்டு கல்முகங்கள், நடுவில் நிரப்பு, குறுக்கே பிணைப்புக்கற்கள். கல்லை அதன் இயற்கைக் கிடையில் வைக்கவேண்டும். சாந்து கல்லைவிட மென்மையாக இருந்து, ஈரத்தை வெளியே விடவேண்டும்.

கண்ணாடியின் விலை: குளிர்

இத்தனை கண்ணாடி வைத்த வீட்டில் டெர்பிஷயர் குளிர்காலம் எப்படி இருந்திருக்கும்? கொடுமையாகத்தான். ஒற்றைக் கண்ணாடி, ஈய இணைப்புகளில் நுழையும் காற்று, உயரமான கூரை. கணப்புகள் உட்சுவரில் இருந்ததால் சூட்டில் ஒரு பங்கு சுவருக்குள்ளேயே தங்கியது என்பது சிறு ஆறுதல். கண்ணாடி மிகுந்த வீடுகளில் வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்க இடமில்லை என்று அக்காலத்து அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் அலுத்துக்கொண்டது நியாயம்தான்.

சுவர்களில் தொங்கும் சித்திரத் திரைச்சீலைகளை இந்த நோக்கிலும் பார்க்கவேண்டும். அவை செல்வத்தின் அடையாளம். கூடவே கல்சுவரின் சில்லிப்பைத் தடுக்கும் கம்பளியும்கூட. நீண்ட கேலரிக்காக பெஸ் 1592-இல் வாங்கிய, பைபிளில் வரும் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 பெரும் திரைச்சீலைகள் இன்றும் ஹார்ட்விக்கிலேயே இருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்த்துச் சுத்தம் செய்யும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023-இல் முடிந்தது. பெஸ்ஸின் வழித்தோன்றல்களான டெவன்ஷயர் பிரபுக்கள் சாட்ஸ்வொர்த் என்ற வேறொரு மாளிகையைத் தங்கள் முதன்மை இல்லமாக்கிக்கொண்டதால், ஹார்ட்விக் பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகவில்லை. 1959 முதல் அது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

நேரில் போனால்

இங்கிலாந்தில் இருப்பவர்கள், அங்கே படிக்கப்போனவர்கள், சுற்றுலா போகிறவர்கள் யாராவது ஹார்ட்விக்குக்குப் போனால் ஒரு யோசனை. புதிய மாளிகைக்குள் நுழைவதற்கு முன்பு, சில நிமிட நடையில் இருக்கும் பழைய ஹாலைப் பாருங்கள். பெஸ்ஸே 1587-இல் கட்டத் தொடங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் பகுதி பகுதியாகக் கலைக்கப்பட்டு, இன்று கூரையில்லாத சிதிலமாக நிற்கிறது. அங்கே தளங்கள் போய்விட்டதால் கணப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தரத்தில் தொங்குவதுபோல் சுவரில் தெரியும். உத்தரங்கள் எந்த உயரத்தில் அமர்ந்திருந்தன, எந்தச் சுவர் எவ்வளவு தடிமன், எங்கே செதுக்கிய கல், எங்கே நிரப்பு என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு புதிய மாளிகையின் முன் போய் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் நடுச்சுவர் எங்கே ஓடுகிறது என்பதைப் புகைபோக்கிகளின் வரிசையை வைத்து வெளியிலிருந்தே ஊகித்துவிடலாம். எந்த ஜன்னல் பொய் என்று கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். அதற்கு மாலை விளக்கேற்றும் நேரம் வசதி.